அச்சு தேயத் தேய அலுமினியம் பார் கனக்கிறது

கொழும்பு பழைய சோனகத் தெருவிலிருந்து காத்தான்குடி, அக்கரைப்பற்று வரை ஹார்ட்வெயார் கடை வைத்திருப்போரில் அலுமினியம் விற்காதவர்கள் இன்று குறைவு. ஜன்னல், கடைமுகப்பு, பாத்றூம் கதவு, சமையலறை அலுமாரி என்று முன்னர் மரம் இருந்த இடமெல்லாம் அலுமினியம் வந்துவிட்டது.

இந்த வியாபாரத்தில் பழகியவர்கள் ஒரு விடயத்தைக் கவனித்திருப்பார்கள். ஒரே கம்பனி, ஒரே கெட்டலொக் இலக்கம், ஒரே நீளம். ஆனால் முன்னர் வந்த கட்டுக்கும் இப்போது வந்த கட்டுக்கும் நிறையில் வித்தியாசம். தராசில் கோளாறு என்று சிலர் நினைப்பார்கள். கணக்குப்பிள்ளையைச் சந்தேகிப்பவர்களும் இருக்கலாம். இரண்டுமே காரணமாக இல்லாதிருக்க இடமுண்டு. தொழிற்சாலையில் சூடான அலுமினியம் புகுந்து வெளிவரும் ஓர் உருக்குத் துண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது. அந்தத் தேய்வின் செலவை யார் சுமக்கிறார் என்பது நீங்கள் எப்படிக் கொள்வனவு செய்கிறீர்கள் என்பதில் தங்கியிருக்கிறது.

ஒரு தாளின் தடிப்பு

முதலில் கணக்கைப் பார்ப்போம். 50 மில்லிமீற்றருக்கு 25 மில்லிமீற்றர் பொக்ஸ் பார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரின் தடிப்பு 1.2 மி.மீ. அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 2.7 கிராம். இதன்படி ஒரு மீற்றரின் நிறை ஏறத்தாழ 470 கிராம். 6 மீற்றர் நீளப் பார் ஒன்று 2.82 கிலோ.

இப்போது அதே பாரின் சுவர் 1.3 மி.மீ. ஆகிவிட்டதென்று வையுங்கள். கூடியது 0.1 மி.மீ. மட்டும், அதாவது போட்டோகொப்பி எடுக்கும் சாதாரணத் தாள் ஒன்றின் தடிப்பு. கையில் எடுத்துப் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் மீற்றர் 508 கிராமாகவும், பார் 3.05 கிலோவாகவும் மாறிவிடுகிறது. நூற்றுக்கு எட்டு வீதம் அதிகம். 100 பார் வாங்கினால் சுமார் 22½ கிலோ கூடுதல். எட்டுப் பார்களுக்குரிய அலுமினியம் அது.

கிலோ கணக்கில் வாங்கி, பார் கணக்கிலோ அடிக் கணக்கிலோ விற்பவருக்கு இந்த எட்டுப் பாரின் காசு திரும்பி வராது. அலுமினியம் பாஸ்மார் ஜன்னல் செய்யும்போதும் சதுர அடிக்குத்தான் விலை பேசுகிறார்கள். வீட்டுக்காரர் ஜன்னலை நிறுத்துப் பார்ப்பதில்லை. இன்றைய கிலோ விலையை நீங்களே போட்டு, ஒரு வருடத்தில் எத்தனை கட்டு இறக்குகிறீர்கள் என்பதால் பெருக்கிப் பாருங்கள்.

இடியப்ப உரல்

தடிப்பு எப்படிக் கூடுகிறது? இடியப்ப உரலை நினைத்துக்கொள்ளுங்கள். மா உள்ளே, துளைத்தட்டு கீழே, மேலிருந்து அழுத்தினால் நூல் நூலாக வருகிறது. துளைகள் காலப்போக்கில் அகன்றால் இடியப்பமும் தடிக்கும். அலுமினியம் பார் செய்வதும் இதே வித்தைதான். மாவுக்குப் பதிலாகப் ‘பில்லட்’ எனப்படும் உருளை வடிவ அலுமினியக் கட்டை. அதை ஏறத்தாழ 450 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, ஆயிரக்கணக்கான தொன் விசையுடைய பிரஸ் ஒன்றினால், உருக்கில் வெட்டிய அச்சினூடாகத் தள்ளுகிறார்கள். அந்த அச்சைத் தொழிற்சாலைகளில் ‘டை’ என்பார்கள்.

அலுமினியம் உருகுவது 660 பாகையில். எனவே இங்கு அது உருகவில்லை, மெழுகு போல இளகியிருக்கிறது, அவ்வளவே. அச்சின் வாயில் சில மில்லிமீற்றர் மட்டுமே அகலமுள்ள ஒரு விளிம்பு இருக்கிறது. பாரின் தடிப்பைத் தீர்மானிப்பது அந்த விளிம்புதான். இதைப் ‘பெயாரிங்’ என்று சொல்கிறார்கள். வாகனத்தில் சுழலும் பெயாரிங்குடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். குழப்பத்தைத் தவிர்க்க நாம் ‘வாய்விளிம்பு’ என்றே சொல்வோம்.

ஒரு வாய் மட்டும் உள்ள அச்சில், நாம் மேலே பார்த்த பொக்ஸ் பாராக ஒரு தொன் அலுமினியம் வெளிவருவதற்கு, 2 கிலோமீற்றருக்கும் அதிகமான நீளம் இந்த வாய்விளிம்பை உரசிக்கொண்டு செல்ல வேண்டும். 55 தொன் என்றால் கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் தூரம். அதுவும் 500 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில். ஏனெனில் உராய்வினாலும் உருமாற்றத்தினாலும், உள்ளே போனதைவிடச் சூடாகவே அலுமினியம் வெளியே வருகிறது.

எண்ணெய் பூசினால் என்ன என்று கேட்கத் தோன்றும். பொக்ஸ் பாரில் அது முடியாது. நடுவில் வெற்றிடம் உண்டாக்குவதற்காக அச்சின் உள்ளே ‘மேன்ட்ரல்’ என்ற நடுக்கட்டை நிற்கிறது. அதைத் தாங்கும் கால்களைச் சுற்றி அலுமினியம் பல கிளைகளாகப் பிரிந்து, மறுபடியும் அச்சுக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு முழுக் குழாயாக வெளியே வருகிறது. இடையில் எண்ணெய் புகுந்தால் அந்த ஒட்டு விழாது, பார் நீளவாக்கில் வெடித்துவிடும். அதனால் உலர்ந்த நிலையிலேயே உருக்கும் அலுமினியமும் உராய வேண்டியிருக்கிறது.

உராய்வா, ஒட்டலா?

பாடசாலையில் உராய்வைப் பற்றிப் படித்தபோது, ஒரு பொருள் மற்றொன்றின்மீது வழுக்குவதாகப் படித்தோம். சூடான அலுமினியம் அந்தப் பாடத்துக்கு அடங்குவதில்லை. அது உருக்கின்மீது வழுக்காமல் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய மெல்லிய படலம் அப்படியே நிற்க, அதற்கு அப்பால் உள்ள அலுமினியம் தன் உடலுக்குள்ளேயே கிழிந்து நகர்கிறது. வாய்விளிம்பின் நுழைவுப் பக்கத்தில் இந்த ஒட்டல் பலமாகவும், வெளியேறும் பக்கத்தில் வழுக்கல் அதிகமாகவும் இருக்கும்.

ஒட்டிய படலம் அங்கேயே நிம்மதியாக இருந்தால் அச்சுக்குப் பாதுகாப்பாகவே இருந்திருக்கும். ஆனால் ஒரு பில்லட் முடிந்து அடுத்தது ஏறும்போது அழுத்தம் விழுந்து எழுகிறது. படலம் பிய்கிறது. பிய்யும்போது உருக்கின் மிகச் சிறு துணுக்கையும் பிடுங்கிக்கொண்டு போகிறது. இதோடு இன்னொரு சேதமும் நடக்கிறது. அந்த வெப்பத்தில் இரும்பும் அலுமினியமும் இரசாயனரீதியாகச் சேர்ந்து, நொறுங்கும் தன்மையுள்ள புதிய சேர்வையொன்றை உண்டாக்குகின்றன. அதுவும் உதிர்கிறது. மூன்றாவதாக, அலுமினியத்தின் மேல் எப்போதும் இருக்கும் ஒக்சைட்டு, அரத்தாளில் தடவியிருக்கும் அதே பொருள். அது பங்குக்குச் சுரண்டுகிறது.

தேய்வை அளக்க ஒரு சூத்திரத்தை 1953இல் ஆர்ச்சார்ட் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் வெளியிட்டார். சுமை கூடினால் தேய்வு கூடும், உரசிய தூரம் கூடினால் தேய்வு கூடும், பொருளின் கடினம் கூடினால் தேய்வு குறையும் என்பதுதான் அதன் சாரம். சூடான வேலையில் இதற்கு ஒரு திருத்தம் தேவை. அறை வெப்பத்தில் இருக்கும் கடினத்தைப் பார்த்துப் பயனில்லை. சாதாரண காபன் உருக்கைத் தண்ணீரில் தோய்த்துக் கண்ணாடி போலக் கடினமாக்கலாம், 500 பாகையில் வைத்தால் அந்தக் கடினம் ஓடிவிடும். கத்தியை அடுப்பில் மறந்துவிட்ட எந்த வீட்டிலும் இது தெரியும்.

இதனால்தான் அச்சுகளுக்கென்று தனி உருக்கு. அமெரிக்கர் எச்-13 என்றும், ஜப்பானியர் எஸ்கேடி-61 என்றும், ஜேர்மனியர் 1.2344 என்றும் அழைப்பது ஏறத்தாழ ஒரே சரக்கைத்தான். சுமார் 0.4 வீதம் காபன், 5 வீதம் குரோமியம், ஒன்றரை வீதத்துக்குக் கிட்டிய மொலிப்டினம், ஒரு வீதமளவு வனேடியம். பின்னிரண்டும் காபனுடன் சேர்ந்து நுண்ணிய கடினத் துகள்களாக உருக்கினுள் பரவியிருப்பதால், 550 பாகையிலும் அது எளிதில் இளகுவதில்லை. இலங்கையில் இந்த உருக்கு தயாராவதில்லை. 2022இல் ரூபா சரிந்தபோது டொலரில் வாங்கும் மற்றப் பொருட்களைப் போல இதன் விலையும் எமது உற்பத்தியாளர்களைத் தாக்கியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதற்கு மேலும் ஒரு கவசம் உண்டு. அமோனியா வாயு நிரம்பிய உலையில் அச்சை 500 பாகைக்குச் சற்று மேலே மணிக்கணக்கில் வைத்தால், நைதரசன் உருக்கின் மேற்பரப்புக்குள் ஊறுகிறது. இதை நைட்ரைடிங் என்கிறார்கள். ஜேர்மனியின் குருப் தொழிற்சாலையில் அடொல்ஃப் ஃப்ரை 1920களில் இதை ஒரு தொழில்முறையாக வளர்த்தெடுத்தார். ஊறுவது ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்களவு ஆழம்தான். ஆனால் அந்தத் தோலின் கடினம் உள்ளே இருக்கும் உருக்கைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. தோல் இருக்கும் வரை தேய்வு மெதுவாக நடக்கும். அது போன பிறகு வேகம் பிடித்துவிடும். எனவே கெட்டிக்காரத் தொழிற்சாலை, தோல் முற்றாகப் போகும் முன்னரே அச்சைக் கழற்றி, கோஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து ஒட்டிய அலுமினியத்தைக் கரைத்து (உருக்கை அது தொடாது), மினுக்கி, மீண்டும் நைட்ரைட் செய்கிறது. ஓர் அச்சுக்கு இதைப் பல தடவைகள் செய்யலாம். அளவுக்கு மிஞ்சிச் செய்தால் தோல் தடித்து, ஓரங்களில் சிம்பு சிம்பாக உடையும்.

வெப்பத்தைக் குறைத்து அச்சைக் காப்பாற்றலாமே என்றால் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஜன்னல் பார்களுக்குப் பெரும்பாலும் பயன்படும் 6063 என்ற கலப்பில் மக்னீசியமும் சிலிக்கனும் கரைந்திருக்க வேண்டும். அதற்கு வெளியேறும் பார் 500 பாகைக்கு மேல் இருந்து, உடனே காற்றாலோ நீராலோ குளிர வேண்டும். இல்லையேல் பார் மிருதுவாகிவிடும், ஸ்குரூ பிடிக்காது.

மாற்ற வேண்டிய அவசரம் யாருக்கு?

இப்போது வியாபாரப் பக்கத்துக்கு வருவோம். சுவர்த் தடிப்பில் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்களவு ஏற்ற இறக்கத்தை உலகத் தரநிர்ணயங்களே அனுமதிக்கின்றன. அது நியாயமும்கூட. வெப்பத்தில் செய்யும் வேலையில் அதைவிட நெருங்குவது கடினம். அச்சு தேயும் என்று தெரிந்திருப்பதால், புதிய அச்சை அனுமதிக்கப்பட்ட அளவின் கீழ்ப்பக்கத்தில் வெட்டுவது வழமை. தேயத் தேய அது நடு அளவுக்கு வந்து, பிறகு மேல் எல்லையைத் தொடும். ஆக, முதல் கட்டு இலேசு, கடைசிக் கட்டு கனம். இரண்டுமே ‘தரத்துக்குள்’ இருக்கும். நாம் மேலே பார்த்த எட்டு வீத வித்தியாசம் எந்த விதியும் மீறப்படாமலேயே நடந்துவிடலாம்.

உற்பத்தியாளர் மீற்றர் கணக்கில் விற்றால், தேய்ந்த அச்சு அவருடைய சொந்த அலுமினியத்தைத் தின்கிறது. அவரே ஓடிப்போய் அச்சை மாற்றுவார். அவர் கிலோவுக்கு விற்றால், தேய்ந்த அச்சு அவருக்கு விற்பனையைக் கூட்டித் தருகிறது. மாற்ற அவசரம் எதற்கு? இதைக் களவு என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. விலை பேசும் முறையே அப்படியொரு சாய்வை உண்டாக்கிவிடுகிறது. எமது நாட்டிலேயே பார் உற்பத்தி செய்யும் கம்பனிகள் இருக்கின்றன. ஹேலீஸ் குழுமத்தின் அலுமெக்ஸ் போன்றவை. வெளிநாட்டிலிருந்து கொன்டெய்னரில் இறக்குவோரும் இருக்கிறார்கள். யாரிடம் வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். பில் எந்த நிறைக்கு, தராசு காட்டும் நிறைக்கா, கெட்டலொக்கில் உள்ள மீற்றர் நிறைக்கா? கெட்டலொக் நிறைக்குப் பில் போட ஒப்புக்கொண்டால் தேய்வு அவருடைய பொறுப்பு. ஒப்புக்கொள்ளாவிட்டால், கெட்டலொக் நிறையைவிட இத்தனை வீதத்துக்கு மேற்பட்ட கனத்துக்குப் பணம் இல்லை என்று ஓர் எல்லையாவது பேசிக்கொள்ளலாம். சிறிய கடைக்காரருக்கு இந்தப் பேரம் கைகூடுமா என்பது வேறு விடயம். பலர் சேர்ந்து ஒரு கொன்டெய்னர் இறக்கும்போது நிச்சயம் கைகூடும்.

நிறுத்துப் பார்ப்பது மட்டும் போதாது. மேன்ட்ரல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், ஒரு சுவர் 1.4 ஆகவும் எதிர்ச்சுவர் 1.0 ஆகவும் வரலாம். மொத்த நிறை சரியாகவே இருக்கும், தராசு எதையும் காட்டாது. ஆனால் மெல்லிய பக்கத்தில் ரிவெட் இழுத்துக்கொண்டு வரும். எனவே வெட்டிய முனையில் நான்கு சுவர்களையும் மைக்ரோமீற்றரால் அளக்க வேண்டும். வேர்னியர் இருந்தாலும் பரவாயில்லை, எனினும் இவ்வளவு நுண்ணிய வித்தியாசத்துக்கு மைக்ரோமீற்றரே நம்பிக்கையானது. பவுடர் கோட்டிங் செய்த பாராக இருந்தால் வெளிப்பூச்சு மட்டுமே 0.06 முதல் 0.08 மி.மீ. வரை இருக்கும். அதைச் சுரண்டிவிட்டு அளக்காவிட்டால், வர்ணத்தையும் அலுமினியமாக எண்ணிக்கொள்வீர்கள்.

நகத்தால் பாரின் குறுக்காகத் தடவிப் பாருங்கள். நீளவாக்கில் ஓடும் கோடுகள் நகத்தில் தட்டுப்பட்டால், வாய்விளிம்பில் அலுமினியம் கட்டிபட்டிருக்கிறது அல்லது விளிம்பு குழி விழுந்திருக்கிறது. வெள்ளி நிற அனோடைஸ் பாரில் இந்தக் கோடுகள் மறையாது, வெளிச்சத்தில் இன்னும் எடுப்பாகத் தெரியும். தடித்த பவுடர் கோட்டிங் அவற்றை மூடிவிடும். கோட்டிங் பாரை மட்டும் பார்த்து அச்சின் நிலையைக் கணிக்க முடியாது.

பழைய அலுமினியம் சேர்ப்போருக்கும்

அச்சைத் தேய்ப்பதில் பில்லட்டுக்கும் பங்கு இருக்கிறது. இலங்கையில் தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்கப்படுவதில்லை. இறக்குமதியும் பழைய உலோகத்தை உருக்குவதும்தான் வழி. பழைய ஜன்னல்களை ஸ்குரூ, ரிவெட், பூட்டு ஆகியவற்றோடு சேர்த்தே உலையில் போட்டால் இரும்பு கலந்துவிடும். கலந்த இரும்பை உருகிய அலுமினியத்திலிருந்து மலிவாகப் பிரிக்க வழியில்லை. அது சிலிக்கனோடும் சேர்ந்து ஊசி போன்ற கடினத் துணுக்குகளாக உறைகிறது. பில்லட்டை 560 பாகைக்கு மேல் பல மணி நேரம் வைத்துப் பதப்படுத்தினால் ஊசிகள் மழுங்கும். செலவைக் குறைக்க அதை விட்டுவிட்டால் அச்சும் கீறப்படும், பாரின் முகமும் சொரசொரக்கும். காந்தம் வைத்து இரும்பைப் பொறுக்கி, வகை பிரித்துக் கொடுப்பவருக்குக் கூடுதல் விலை கேட்க உரிமை இருக்கிறது. ஸ்டெயின்லஸ் ஸ்குரூவில் பெரும்பாலானவை காந்தத்தில் ஒட்டாது, அவற்றைக் கையால்தான் கழற்ற வேண்டும்.

ஸ்பெனர், சுத்தியல் போன்ற அடித்து உருவாக்கிய இரும்புச் சாமான் விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே உருக்கு 1,200 பாகையளவில் அச்சுக்குள் அடிபடுகிறது. ஒவ்வோர் அடிக்கும் அச்சின் முகம் திடீரெனச் சூடாகி, அடுத்த கணம் தண்ணீரும் கிரபைட்டும் கலந்த தெளிப்பினால் குளிர்கிறது. ஆயிரக்கணக்கான தடவைகள் இப்படி நடந்தால், காய்ந்த குளத்துச் சேறு போல அச்சின் முகத்தில் வலைவலையாக வெடிப்பு விழும். (கம்மாலையில் துளை போடும்போது உளி ஒட்டாமலிருக்கக் கரித்தூள் போடுவதும் கிரபைட் தெளிப்பதும் ஒரே உபாயம்தான்.) புதிய அச்சில் அடித்த ஸ்பெனரில் அளவு இலக்கமும் பெயரும் கூர்மையாக எழும்பி நிற்கும். தேய்ந்த அச்சில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, உடலில் நரம்பு போன்ற மெல்லிய கோடுகள் புடைத்திருக்கும். பெட்டியைத் திறந்ததும் எழுத்தைப் பாருங்கள்.

கடைசியாக, தமக்கென்று தனி வடிவம் வெட்டுவிக்க நினைக்கும் அலுமினியம் வேலைத்தள உரிமையாளர்களுக்கு. சொந்த அச்சுக்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்கள், அச்சு தொழிற்சாலையில் இருக்கிறது. கட்டும் முன் எழுத்தில் எடுக்க வேண்டியவை சில உண்டு. அச்சு யாருடைய சொத்து? எத்தனை தொன் ஓடிய பின் மாற்றுவார்கள்? மாற்றும் செலவு யாருடையது? மீற்றர் நிறை எந்த எல்லையைத் தாண்டினால் அச்சு முடிந்ததாகக் கொள்ளப்படும்? வடிவத்தை வரையும்போதும் மெல்லிய நாக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளையும், ஒடுங்கிய ஆழமான பள்ளங்களையும் தவிர்க்கப் பாருங்கள். அச்சில் அந்த இடங்கள்தான் முதலில் வளையும், முதலில் உடையும். முதல் ஓட்டத்தில் வந்த பாரில் ஒரு சாண் துண்டை வெட்டி, திகதியும் மீற்றர் நிறையும் எழுதி லாச்சியில் வைத்துக்கொண்டால், பிறகு வரும் ஒவ்வொரு கட்டையும் அதோடு ஒப்பிட்டுப் பேசலாம்.